மோட்டார் மேல பழி போட்டேன்: ஜாஸ் ரீமாஸ்டர்களோட நமக்கு நேர்ந்த கதைகள்

சுருதிப்பெட்டி (கோவை)

பழைய பதிவோட டேப்பை எடுத்து ஒலியைச் சீர்பண்ணித் திரும்ப வெளியிடறாங்களே, அந்த ரீமாஸ்டர்களோட அவங்கவங்களுக்கு நேர்ந்ததைப் பேசலாம்னு இந்த இழை. நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். 1991-ன்னு நினைக்கிறேன், கீபோர்டு கத்துக்கிட்டிருந்த வயசு. துபாயில இருந்து லீவுக்கு வந்த பெரியப்பா பையன் ஒரு கேசட் கொடுத்தான். ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. முதல் பாட்டு 'ஸோ வாட்'. கீபோர்டுல டி கட்டையை ஷட்ஜமா வெச்சு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசி, நம்ம கணக்குல கரகரப்ரியா, நடுவுல எட்டு பார் மட்டும் எல்லாம் அரைக்கட்டை மேல ஏறும், அவ்வளவுதான்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. சரி, இது நமக்கு ஆகும்னு கேசட்டைப் போட்டு கூடவே வாசிச்சேன். பல்லு கூசிச்சு. டி-யும் இல்லை, பக்கத்துக் கருப்புக் கட்டையும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ தொங்குது.

டெக் மோட்டார் வேகமா ஓடுதுன்னு முடிவு கட்டினேன். கேசட் டெக் மோட்டாரோட முதுகுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீங்க. உள்ள மெல்லிசு ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினா வேகம் கூடும், குறையும். பாட்டு ஓடிக்கிட்டே இருக்க, ஒரு கை கட்டையில, ஒரு கை ஸ்க்ரூவுல. மயிரிழை மயிரிழையாத் திருப்பி டி-யில கொண்டுவந்து உட்கார வெச்சேன். பக்கம் ஏ முழுக்கக் கச்சிதம். பெரிய மெக்கானிக் நினைப்போட கேசட்டைத் திருப்பிப் போட்டேன். 'ஆல் ப்ளூஸ்' ஆரம்பிச்சது. இப்ப அது கட்டைக்குக் கீழ இறங்கிக் கிடக்குது!

பழையபடி ஏத்தினா பக்கம் பி சரியாகுது, பக்கம் ஏ எகிறுது. ஒரே கேசட், ஒரே டெக். ரெண்டு நாள் இந்த வேலைதான். கடைசியில பக்கம் ஏ-க்கு ஏத்த மாதிரி வெச்சுட்டு விட்டுட்டேன். மூணாம் நாள் காலையில அம்மா கவசம் கேசட்டைப் போட்டுட்டு, "இன்னைக்கு ஏண்டா இது முடியவே மாட்டேங்குது, இட்லி வெந்துடுச்சு"ன்னாங்க. வாயைத் திறக்கலை.

காரணம் தெரியறதுக்கு 8 வருஷம் ஆச்சு. 1997-ல வந்த புது சிடியைக் கொஞ்சம் தாமதமா வாங்கினேன். உள்ள இருந்த குட்டிப் புத்தகத்துல எல்லாம் போட்டிருந்தது. நியூயார்க் 30-வது தெருவுல சர்ச்சா இருந்து ஸ்டூடியோவா மாறின கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி கட்டடம். அங்கதான் பதிவு. முதல் பக்கத்து மூணு பாட்டும் 1959 மார்ச் 2 அன்னைக்கு எடுத்தது. அன்னைக்கு மாஸ்டர் டேப், அதாவது மூலப் பதிவு, எடுத்த மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடின மெஷின்ல பதிஞ்சதைச் சரியான வேகத்துல ஓட்டினா சுருதி ஏறத்தானே செய்யும்? ரெண்டாம் பக்கம் ஏப்ரல் 22-ல எடுத்தது, அது சரியா இருக்கு. நல்லவேளையா மார்ச் 2 அன்னைக்குப் பக்கத்துலயே இன்னொரு மெஷினும் காப்புக்கு ஓடிக்கிட்டிருந்திருக்கு. அந்த டேப்பை எடுத்துத்தான் 1992-ல தங்க சிடியா முதல்ல சரி பண்ணி விட்டாங்க. அப்புறம் 1997-ல எல்லாருக்கும். 33 வருஷம் உலகம் பூரா தப்பான சுருதியில கேட்டிருக்கு. என் டெக் ஒரு பாவமும் பண்ணலை.

உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா? புது பதிப்பு வாங்கிக் கண் திறந்ததோ, காசு போனதோ, எதுவா இருந்தாலும் எழுதுங்க.


ஃபேடர் (சென்னை)

சுருதிப்பெட்டி சார், பக்கம் ஏ-க்குச் சுருதி சேர்த்து கவசத்தை இழுத்த கதையை எங்க ஸ்டூடியோவுல வாசிச்சுக் காட்டிட்டேன். சினிமா சவுண்ட்ல மிக்ஸிங் வேலை பார்க்கிறவன் நான். அதனால என் கதை கொஞ்சம் தொழில் வாசனை அடிக்கும், பொறுத்துக்கோங்க.

ட்ரம்மர் ஆர்ட் ப்ளேக்கியோட 'மோனின்'. 1958 அக்டோபர் பதிவு, ப்ளூ நோட் கம்பெனி வெளியீடு. என்கிட்ட 80-கள்ல வந்த சிடி ஒண்ணு இருந்தது. 1999-ல ரூடி வான் கெல்டரே தன் கையால ரீமாஸ்டர் பண்ணின பதிப்பு வந்ததும் ஓடிப்போய் வாங்கினேன். பின்ன? அந்தத் தட்டைப் பதிவு செஞ்சவரே அவர்தான். பகல்ல கண் பரிசோதனை செய்யற ஆப்டோமெட்ரிஸ்ட், சாயங்காலம் நியூஜெர்சி ஹாக்கன்சாக்ல அப்பா அம்மா வீட்டு வரவேற்பறையில ரெக்கார்டிங். அந்த ஹால்லதான் மங்க், ரோலின்ஸ், கோல்ட்ரேன் எல்லாம் வந்து வாசிச்சுட்டுப் போயிருக்காங்க. மைக்கைத் தொடறதுக்கே கையுறை போட்டுக்கிற மனுஷன். 1959-லதான் இங்கிள்வுட் க்ளிஃப்ஸ்ல உயரமான மரக்கூரையோட தனி ஸ்டூடியோ கட்டினார். அவர் ரீமாஸ்டர் பண்ணின வரிசை சிடி ஒவ்வொண்ணுலயும் அவர் குறிப்பு ஒண்ணு இருக்கும்: அன்னைக்கு அங்க இருந்தவன் நான், வாசிச்சவங்க எப்படிக் கேட்கணும்னு ஆசைப்பட்டாங்கன்னு எனக்கு நினைவிருக்குங்கிற பொருள்ல. இதுக்கு மேல என்ன உத்தரவாதம் வேணும்?

வீட்ல போட்டதும் முதல் பத்து நிமிஷம் ஆஹாதான். லீ மார்கன் ட்ரம்பெட் மூஞ்சிக்கு நேரா நிக்குது. அரை மணி நேரத்துல காது களைச்சுப் போச்சு. மறுநாள் ரெண்டு சிடியையும் ஸ்டூடியோ கம்ப்யூட்டர்ல ஏத்திப் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். பழசுல அலைவடிவம் கலைஞ்ச தலைமுடி மாதிரி, அங்கங்க ஒரு கொத்து நீட்டிக்கிட்டு நிக்குது. புதுசுல ட்ரம் அடி விழற இடத்துலயும் சும்மா இருக்கிற இடத்துலயும் உயர வித்தியாசம் கம்மி. பாதிச் செங்கல். அப்புறம் தொழில்ல முதல் நாளே கத்துக்கொடுக்கிற வேலையைச் செஞ்சேன். புதுசோட வால்யூமை இறக்கிப் பழசோட சமமாக்கினேன். சத்தம் கூடினா நல்லா இருக்கிற மாதிரிதான் எந்தக் காதுக்கும் தோணும், எனக்கும் உங்களுக்கும் சேர்த்து. சமமாக்கினதும் அந்த ஆஹா காணாமப் போச்சு. ப்ளேக்கியோட சிம்பல் மட்டும் தகரக் கொட்டகையில மழை பேஞ்ச மாதிரி நின்னுச்சு.

இதுல அவரைக் குறை சொல்றதா எடுத்துக்காதீங்க, அவர் ஆசை வேற. 1995 வாக்குல ஒரு பேட்டியில, எல்பி ஒழிஞ்சதே நல்லதுங்கிற மாதிரி பேசினவர் அவர். எல்பி தட்டுல ஒலிக்கோடு வெட்டும்போது பேஸை, அதாவது அடிநாதத்தை, குறைச்சு, உச்சத்தை அமுக்கி, ஊசி தாண்டிக் குதிக்காம இருக்கணும்னு எத்தனையோ சமரசம். அதையெல்லாம் பொறுத்துக்கிட்டு ஆயிரக்கணக்கான தட்டு வெட்டினவர், கட்டு அவிழ்ந்ததும் இஷ்டத்துக்கு ஓடியிருக்கார். நாம கேட்டு ஏங்கினதோ அவர் கட்டுப்பட்டுச் செஞ்ச வேலையை. ஸ்டீரியோவும் அப்படித்தான். அப்ப அவர் மானிட்டர் பண்ணினது மோனோவுல. சாக்ஸபோன் ஒரு காதுல, ட்ரம்ஸ் மறு காதுல, நடுவுல காலி மைதானம்னு இருக்கே, அதுல அவருக்கே பெரிய பிரியம் இருந்ததில்லை. ரீமாஸ்டர்ல சிலதை நடுவுக்கு நெருக்கி வெச்சுட்டார். ஹெட்ஃபோன்ல கேட்கிறவங்களுக்கு அது உபகாரம்தான், நான் மறுக்கலை.


180கிராம் (சென்னை)

என் பேரே என் கதை. பேரைப் பார்த்து எடைக்கு மரியாதை கொடுக்கிறவன்னு நினைச்சுடாதீங்க, பட்ட அடியோட தழும்பு அது.

எல்பி மறுபடி ஃபேஷன் ஆன புதுசு. பெரிய மால்ல ஒரு கடை. 'சாக்ஸபோன் கொலோசஸ்'னு ஒரு ஜாஸ் தட்டு, பளபளன்னு அட்டை, மேல தங்க ஸ்டிக்கர்: 180 கிராம் ஆடியோஃபைல் வினைல். 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்து கவரைப் பிரிச்சுத் தட்டை ரெண்டு உள்ளங்கையிலயும் தூக்கிப் பார்த்தேன், சப்பாத்திக் கல் கனம். போட்டேன். சோனி ரோலின்ஸ் ஊதறார், சத்தம் சுத்தம், ஆனா எங்கயோ கேட்ட சுத்தம். மேக்ஸ் ரோச்சோட சிம்பல் 'டிங்'னு அடிச்சு ஓயறதுக்குப் பதிலா 'டிஸ்'னு முடிஞ்சு போகுது. டாமி ஃப்ளானகன் பியானோவுல ஒரு சுரம் நீட்டிப் பிடிச்சா அது தண்ணியில விழுந்த நிலா மாதிரி ஆடுது. ப்ளேயரைக் குனிஞ்சு பார்த்தா ஊசியைத் தாங்கற டோன் ஆர்ம் ஒவ்வொரு சுத்துக்கும் உள்ள வெளியன்னு ஊஞ்சல் ஆடுது. நடு ஓட்டை மையத்துல இல்லை!

அப்புறம் தோண்டினதுல விஷயம் வெளிய வந்தது. ஐரோப்பாவுல அப்ப ஒலிப்பதிவு உரிமை 50 வருஷம்தான். 2013-ல அதை 70 ஆக்கினாங்க, ஆனா ஏற்கனவே காலாவதியானது காலாவதியானதுதான். அதாவது 1962 வரைக்கும் வெளிவந்த ஜாஸ் பொற்காலம் மொத்தமும் திறந்த வீடு. யார் வேணாலும் தட்டு போடலாம், யார்கிட்டயும் டேப் கேட்க வேண்டியதில்லை. கடையில ஒரு சிடி வாங்கி, அதை அப்படியே வெட்டி, கனமான பிளாஸ்டிக்ல அழுத்தினா வேலை முடிஞ்சது. என் வீட்டு அலமாரியில இருந்த சிடியைத்தான் பத்து மடங்கு எடையில திரும்ப வாங்கியிருக்கேன்.

180 கிராம்ங்கிறது தட்டோட எடை, அவ்வளவுதான். பழைய ப்ளூ நோட் தட்டுகளும் கனமானவைதான், ஆனா அதுக்காக அதை யாரும் தேடலை. லேபிளுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவுல வெறுமையா ஒரு பட்டை இருக்கும் பாருங்க, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா கீறல் எழுத்து தெரியும். அங்க 'ஆர்விஜி' இல்லைன்னா 'வான் கெல்டர்'னு முத்திரை இருந்தா அவரே வெட்டினது. கூடவே காது மாதிரி ஒரு குறி இருந்தா ப்ளாஸ்டிலைட் தொழிற்சாலையில அழுத்தினது, 1966-க்கு முந்தினது. அது உண்மையில காது இல்லை, கம்பெனி பேரோட முதல் எழுத்தான 'பி'-யைக் கையால கிறுக்கினது. அந்தக் காதுக்குத்தான் இன்னைக்கு மாசச் சம்பளம் கேட்கிறாங்க.

அந்தச் சம்பளம் இல்லாதவங்களுக்கு 2019-ல ஆரம்பிச்ச டோன் போயட் வரிசை இருக்கு. ப்ளூ நோட்டே வெளியிடுது, ஜோ ஹார்லி மேற்பார்வை, கெவின் க்ரே மூல டேப்ல இருந்தே வெட்டறார். என்கிட்ட நாலு இருக்கு. ஒரு தட்டுல பேஸ் கம்பியைச் சுண்டற விரல்நுனி தோல் உரசறது கேட்குது. அந்த நிமிஷத்துல கொலோசஸ்காரங்களை மன்னிச்சுட்டேன்னு சொன்னா பொய்.


குளிர்நாடன் (லண்டன்)

தம்பிமார் எல்லாரும் 1950-களில நிண்டுகொண்டு டேப், டேப் எண்டு கதைக்கிறியள். நான் அதுக்கு முந்தின ஆள். யாழ்ப்பாணத்தில பிறந்து லண்டனில 78 ஆர்பிஎம், அதாவது நிமிசத்துக்கு 78 சுத்துச் சுத்திற பழைய தட்டுச் சேர்க்கிறன். டேப்பே இல்லாத காலத்துக்கு வாங்கோ.

கிங் ஒலிவர்ர க்ரியோல் ஜாஸ் பேண்ட், 1923 ஏப்ரல், இண்டியானா மாநிலம் ரிச்மண்ட். ஜெனெட் கொம்பனி ஸ்டூடியோ, பியானோ செய்யிற தொழிற்சாலைக்குப் பக்கத்தில, ரயில் பாதையோரம். ரயில் போகேக்க பதிவை நிப்பாட்டிப்போட்டுக் காவல் இருக்க வேணும். மைக் எண்ட சாமானே இல்லை. சுவரில இருந்து ஒரு பெரிய குழல் வாய் நீட்டிக்கொண்டு நிக்கும். எல்லாரும் அதுக்கு முன்னால நெருக்கியடிச்சு நிண்டு ஊதுவினம். அந்த அதிர்வே ஊசியை அசைச்சு மெழுகில கோடு கீறும். பெரிய ட்ரம் அடிச்சால் ஊசி துள்ளிப்போடும் எண்டு பேபி டொட்ஸுக்கு மரக்கட்டையில தட்டத்தான் விட்டவை. ரெண்டாவது கோர்னட் (ட்ரம்பெட் மாதிரி ஒரு ஊதுகுழல்) லூயி ஆம்ஸ்ட்ரோங், அந்தாளின்ர முதல் பதிவு அது. அவர் ஊதிற சத்தம் மற்றவையை விழுங்குதெண்டு கனதூரம் பின்னுக்குக் கொண்டுபோய் நிப்பாட்டினதாச் சொல்லுவினம்.

நான் முதல் கேட்டது 90-களில வந்த ஒரு மலிவு சிடி. இரைச்சல் ஒரு பொட்டும் இல்லை. எனக்கும் முதல் சந்தோசம்தான். பிறகு பார்த்தால் ஜொனி டொட்ஸ் கிளாரினெட்டை மேல கொண்டுபோற இடமெல்லாம் ஆரோ தலையணையால அமத்தின மாதிரி. ஒவ்வொரு சுரம் முடியேக்கையும் வால் இல்லை, வெட்டுப்பட்டுப் போகுது. அதுக்குப் பின்னால மீன்தொட்டியில காத்து விடுற மாதிரி ஒரு கிளுகிளுப்பு. இரைச்சலைக் களையிறன் எண்டு கம்ப்யூட்டர் கிளாரினெட்டையும் சேர்த்துக் களைஞ்சு போட்டுது. 78-இன்ர இரைச்சலும் கிளாரினெட்டின்ர மேல்ச் சத்தமும் ஒரே இடத்தில குடியிருக்கிற சனம். ஒண்டை எழுப்பினால் மற்றதும் எழும்பித்தான் போகும்.

ஒரு நாள் இஞ்ச ஒரு கிழவர் வீட்டில ஆம்ஸ்ட்ரோங்கின்ர ஹொட் ஃபைவ் குழு வாசிச்சது கேட்டன், ஜான் ஆர். டி. டேவிஸ் எண்டவர் 78 தட்டில இருந்து மாத்தித் தந்த பதிப்பு. சத்தம் இருக்கு, வடிவா இருக்கு, மழை பெய்யிற முற்றத்துக்கு அங்கால நிண்டு ஒருத்தர் ஊதிற மாதிரி. ஒரு நிமிசத்தில மழை மறந்துபோகும், ஆள்தான் நிப்பார். என்ன செய்தவர் எண்டு விசாரிச்சன். முதல் வேலை ஊசி தெரியிறது. 78 தட்டுகளின்ர கோடு எல்லாம் ஒரே அகலமில்லை. பழைய இரும்பு ஊசி தேய்ச்ச இடத்துக்குக் கொஞ்சம் மேலயோ கீழயோ தேயாத சுவர் இருக்கும். அந்த இடத்தில பொருந்திற மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் வேற வேற மொத்தத்தில ஊசி போட்டுப் பாக்க வேணும். வேகமும் 78 எண்டு பேர்தான், கொம்பனிக்குக் கொம்பனி, சில நேரம் நாளுக்கு நாள் வேற. சுருதிப்பெட்டி அண்ணைக்கு விளங்கும். அதுக்குப் பிறகு டேப்பில ஏத்தி, 'டிக்' கேக்கிற ஒவ்வொரு புள்ளியையும் கையால உருட்டிக் கண்டுபிடிச்சு, அந்த இடத்துப் பூச்சை மட்டும் பிளேட்டால சுரண்டுவார். பால் ஊத்தின உடன பொரி வெடிக்கிற சத்தம்போலத்தானே அது, அதால அந்த வேலைக்கு 'சீரியல் நீக்கம்' எண்டு பகிடிப் பேர் வைச்சவராம். 2004-இல காலமாயிட்டார்.

இன்னொண்டும் சொல்லிப்போட்டுப் போறன். 1932 பெப்ரவரியில டியூக் எலிங்டன் தன்ர பேண்டோட விக்டர் கொம்பனிக்கு வாசிச்ச ரெண்டு மெட்லி, அதாவது பல பாட்டைக் கோத்த வாசிப்பு. காப்புக்கெண்டு ரெண்டு மைக், ரெண்டு மெஷின், ஒரே நேரத்தில ரெண்டு தட்டு. ஐம்பது வருசத்துக்குப் பிறகு ரெண்டு சேகரிப்பாளர்மார் ஒரே வாசிப்பின்ர ரெண்டு தட்டை ஒப்பிட்டு, ரெண்டும் ஒண்டில்லை எண்டு பிடிச்சவை. ஒண்டை இடப்பக்கம், மற்றதை வலப்பக்கம் வைச்சுச் சேர்த்து ஓட்டினால் ஸ்டீரியோ! ஆரும் வேணுமெண்டு எடுக்காத ஸ்டீரியோ. ஹெட்ஃபோனில கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது.


மாடிவீட்டு ரேடியோ (திருச்சி)

குளிர்நாடன் அண்ணா, எலிங்டன் பேரைச் சொல்லி என்னை இழுத்து விட்டுட்டீங்க.

எங்கப்பா ரயில்வேயில் இருந்தவர். கல்கத்தாவில் வேலை பார்த்த காலத்தில் பார்க் ஸ்ட்ரீட் பக்கம் ஜாஸ் கேட்டுப் பழகி, ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய எல்பி கொண்டுவந்தார். அதில் அதிகம் தேய்ந்தது 'எலிங்டன் அட் நியூபோர்ட்', 1956 ஜூலை 7. பால் கொன்சால்வஸ் நடுவில் எழுந்து நின்று ஒரே மூச்சாக 27 சுற்று சாக்ஸபோன் வாசிப்பார். கருப்பு உடை போட்ட ஒரு பெண் எழுந்து ஆட, கூட்டமே எழுந்துவிட்டதாகக் கதை. எத்தனையாவது சுற்றில் கூட்டம் கத்தும் என்பது எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரே குறை, கொன்சால்வஸ் எங்கேயோ தள்ளி நின்று வாசிக்கிற மாதிரி மங்கலாக இருப்பார். தட்டு தேய்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தோம்.

1999-ல் வந்த இரட்டை சிடியை நான் வாங்கியது ரொம்பப் பிந்தி. அதைப் படித்தபோது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அன்றைக்கு மேடையில் ரெண்டு மைக் இருந்திருக்கின்றன, ஒன்று கொலம்பியாவுக்கு, இன்னொன்று வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிக்கு. மனுஷர் தவறிப்போய் வானொலி மைக்கில் ஊதியிருக்கிறார். தட்டு தேயவே இல்லை! இதோடு போகவில்லை. எலிங்டனுக்கு அன்றைய வாசிப்பில் பல இடங்களில் திருப்தி இல்லாமல், ரெண்டு நாள் கழித்து ஸ்டூடியோவில் திரும்ப வாசித்து, அதற்குக் கைதட்டலை ஒட்டவைத்துத்தான் அந்த எல்பி-யின் பெரும்பகுதி வந்திருக்கிறது. ஃபில் ஷாப் என்பவர் வானொலியின் டேப்பைக் கண்டெடுத்து, கொலம்பியா டேப்பையும் அதையும் அடிக்கு அடி பொருத்தி, ஒன்றை இடமும் ஒன்றை வலமுமாக வைத்து அசல் கச்சேரியை ஸ்டீரியோவில் கொண்டுவந்தார். ரெண்டு மோனோ சேர்ந்து ஸ்டீரியோ, அண்ணா சொன்ன அதே வித்தைதான், ஆனால் இந்த முறை தெரிந்தே செய்தது.

அப்பாவுக்கு அப்போது 78 வயது. விஷயத்தைச் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். கொன்சால்வஸ் ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இவன் என்னடி பக்கத்துல வந்துட்டான்" என்றார். 27 சுற்றும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மற்ற பாட்டுகள் வந்தபோது விரல் சொடுக்குவார், அடி தப்பும், மறுபடி சொடுக்குவார். அவர் சொடுக்கிப் பழகியது ஸ்டூடியோவில் வாசித்ததற்கு! முடிந்ததும் கேட்டார்: "எல்லாம் சரி, நம்ம கூட்டம் எங்க போச்சு?"

ஒட்டவைத்த கைதட்டல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழைய எல்பி-யையும் வைத்திருக்கிறேன்.


பழைய ஊசி (சென்னை)

சுருக்கமாக ஒரு வாக்குமூலம். அறுபது வயதுக்காரன் பொதுவில் காதைப் பிடித்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் கலந்த எல்பி-யை மூன்று நிமிடத்தில் மூக்கால் கண்டுபிடித்துவிடுவேன் என்று இருபது வருடம் பேசித் திரிந்தவன் நான். ஃபேடர் தம்பி போன்ற பிள்ளைகளுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அனலாக் மட்டுமே, அதாவது நடுவில் டிஜிட்டலே படாதது என்று நான் சத்தியம் செய்து, கூட்டாளிகளையும் வாங்கவைத்த ஒரு அமெரிக்க மறுவெளியீட்டு வரிசை உண்டு. 2022-ல் உண்மை வெளியே வந்தது. பல வருடங்களாகவே மூல டேப்பை டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்துதான் தட்டு வெட்டியிருக்கிறார்கள். என் அலமாரியில் 'இதுதான் உச்சம்' என்று தனியாக அடுக்கிவைத்திருந்த ஏழு தட்டில் ஐந்து அந்த ரகம்.

அன்று இரவு அந்த ஐந்தில் ஒன்றைப் போட்டுக் கேட்டேன். குறை கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். கண்டும் பிடித்தேன்! பியானோவின் உச்சத்தில் ஒரு கண்ணாடித்தனம். மறுநாள் உறைத்தது, நான் போட்டது ஐந்தில் ஒன்றல்ல, மற்ற இரண்டில் ஒன்று. வீட்டுக்காரி அடுக்கை மாற்றி வைத்திருந்தாள்.


180கிராம்

ஐயா, காலைத் தொட்டுக் கும்பிடறேன். வீட்ல அம்மாவுக்கும் ஒரு கும்பிடு சொல்லுங்க.


ஃபேடர்

ஐயா, உங்க வகுப்புலதான் நான் ஊசி எடை வைக்கக் கத்துக்கிட்டேன், அதை யாரும் எடுத்துக்க முடியாது.

ஒரு விஷயம் எல்லார் கதையிலயும் திரும்பத் திரும்ப வருது. அனலாக்கா டிஜிட்டலாங்கிறதை விட, எந்த டேப்ல இருந்து ஆரம்பிச்சாங்கங்கிறதுதான் பாதிக்கு மேல தீர்மானிக்குது. பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும், சிம்பல் மங்கும், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த சான்றிதழ் மாதிரி. போதாததுக்கு எல்பி வெட்டறதுக்குன்னே பேஸைக் குறைச்சு அமுக்கித் தயாரிச்ச டேப்பும் 'மாஸ்டர்'னு பேர் எழுதித்தான் கிடங்குல இருக்கும். 80-கள்ல அவசர அவசரமா சிடி போட்டவங்க கைக்குக் கிடைச்சதை எடுத்து ஓட்டினாங்க. சிடியே மோசம்னு கெட்ட பேர் வந்ததுல அந்த அவசரத்துக்கும் பங்கு உண்டு.

கோல்ட்ரேனோட 'எ லவ் சுப்ரீம்' எடுத்துக்கோங்க. 1964 டிசம்பர் 9, வான் கெல்டர் ஸ்டூடியோவுல ஒரே ராத்திரி. அசல் ஸ்டீரியோ மாஸ்டர் காணாமப் போயிடுச்சு. வருஷக்கணக்கா பிரதியோட பிரதியைத்தான் கேட்டுக்கிட்டிருந்தோம். 2002 டீலக்ஸ் பதிப்புக்குக் கை கொடுத்தது, அந்தக் காலத்துலயே இங்கிலாந்து வெளியீட்டுக்காக அனுப்பி இஎம்ஐ கம்பெனி கிடங்குல தூங்கிக்கிட்டிருந்த ஒரு பிரதி. பழைய சிடியோட வெச்சுக் கேட்டேன். எல்வின் ஜோன்ஸோட கைக்கும் சிம்பலுக்கும் நடுவுல இருந்த கொசுவலையை யாரோ தூக்கின மாதிரி. பெருசா எந்த வித்தையும் இல்லை, முந்தின தலைமுறை டேப், அவ்வளவுதான்.

இன்னும் வேடிக்கை, 1963 மார்ச் 6 அன்னைக்கு அதே ஸ்டூடியோவுல கோல்ட்ரேன் பதிவு பண்ணின ஒரு முழு நாள் வேலை. கம்பெனி மாஸ்டர் போயே போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வீட்ல கேட்கறதுக்கு அவர் கையோட எடுத்துட்டுப் போன கால் இஞ்ச் மோனோ டேப் முதல் மனைவி நயீமா குடும்பத்துக்கிட்ட இருந்திருக்கு. 2018-ல அதைத்தான் ஆல்பமா வெளியிட்டாங்க. கேட்டுப் பாருங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போன டேப் மாதிரியா இருக்கு?


சுருதிப்பெட்டி

கை வலிக்க வலிக்க எழுதியிருக்கீங்க, எல்லாருக்கும் நன்றி. பழைய ஊசி ஐயா, உங்களைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்து நேத்து ஒரு சோதனை போட்டேன்.

போன்ல 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தேடினா அஞ்சாறு வருது. அட்டை ஒண்ணுதான், ஒண்ணுல 'லெகசி'ன்னு போட்டிருக்கு, ஒண்ணுல எதுவுமே போடலை. எந்த டேப், யார் கை வெச்சது, எந்த வருஷம், ஒரு வரி கிடையாது. கேசட் அட்டையிலகூட இதைவிட அதிகம் அச்சடிச்சிருப்பான். இதுக்கு எனக்கு ஒரு வழிதான் தெரியும். கீபோர்டைத் திறந்து டி-யை அமுக்கிக்கிட்டு ஒவ்வொண்ணா ஓட்டினேன். எல்லாமே கச்சிதமா டி-யில உட்கார்ந்தது. சரி, நல்லது.

ஆனா என்னமோ இடிச்சுது. ஃபேடர் தம்பி சொன்னபடி வால்யூமைச் சமமா வெச்சு, பழைய கேசட்டையும் போன்ல இருக்கிறதையும் பொண்ணை மாத்தி மாத்திப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கிட்டேன். கேசட்டோட இரைச்சலே காட்டிக் கொடுத்துடும், அதனால இது நேர்மையான சோதனை இல்லைதான். சரியான சுருதியில இருக்கிறது என் காலுக்குத் தூங்கி வழியற மாதிரி இருக்கு. மைல்ஸ் உள்ள நுழையற அந்த முதல் சிம்பல் அடிக்கு என் கால் மயிரிழை முன்னாடியே தரையைத் தட்டிடுது. பழக்கம்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, டெக் இன்னும் 1991-ல நான் திருப்பி வெச்ச இடத்துலதான் நிக்குது. அப்படின்னா கேசட்டும் டி-யிலதானே உட்காரணும்? அமுக்கிப் பார்த்தேன். உட்காரலை, மேலதான் நிக்குது. அம்மாகிட்ட கேட்டேன். "கவசம் இழுக்குதுன்னு நம்ம கடைவீதி ரேடியோ ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்து அப்பவே சரி பண்ணிட்டேனே, நீ காலேஜ் ஹாஸ்டல் போன வாரம்"ன்னாங்க.